பகலுக்குத் தனிப் பந்தி

சின்னத்திரையின் கதை: அத்தியாயம் 23

1974 மே 28, செவ்வாய்க்கிழமை, நியூயார்க்கில் பிற்பகல் மணி மூன்று. என்.பி.சி. சேனலில் வழக்கப்படி ‘அனதர் வேர்ல்டு’ தொடங்கியிருக்க வேண்டும். அதை அடுத்து ‘ஹவ் டு சர்வைவ் எ மேரேஜ்’, அதற்கும் பின் ‘சாமர்செட்’. அன்றைக்கு மூன்றுமே வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை ராக்கஃபெல்லர் மையத்தில் நடந்த ஒரு பரிசளிப்பு விழா எடுத்துக்கொண்டது. காலைச் செய்தி நிகழ்ச்சியில் பெயர் பெற்றிருந்த பார்பரா வால்டர்ஸும், ‘ஹாலிவுட் ஸ்கொயர்ஸ்’ போட்டியை நடத்திவந்த பீட்டர் மார்ஷலும் தொகுத்து வழங்கினார்கள். பகல் தொடர்களைப் பாராட்டத்தான் அந்த விழா. அதற்காகவே அன்றைய பகல் தொடர்கள் மூன்றை நிறுத்திவிட்டார்கள்.

முதல் ‘டேடைம் எம்மி’ விழா இது. இரவு நிகழ்ச்சிகளுக்கான எம்மிக்கு அப்போது இருபத்தைந்து வயது முடிந்திருந்தது. 1949 ஜனவரியில் ஹாலிவுட் அத்லெட்டிக் கிளப்பில் ஐந்து டாலர் டிக்கெட்டில் அது தொடங்கிய கதையை முன்பே பார்த்தோம். அந்தக் கால் நூற்றாண்டில் மதியம் பன்னிரண்டு மணிக்கும் நாலரைக்கும் இடையே ஓடியவற்றை எம்மிக்காரர்கள் பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. 1972-ல் பகல் தொடருக்கென்று ஒரு பரிசு வைத்தார்கள், ‘தி டாக்டர்ஸ்’ அதைப் பெற்றது. மறு ஆண்டு ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரின் மேரி ஃபிக்கெட் நடிப்புக்காக ஒரு எம்மி வாங்கினார். வியட்நாம் போரை எதிர்க்கும் தாயாக வந்தவர் அவர். பகல் நேர நடிகர் ஒருவருக்கு எம்மி கிடைத்தது அதுதான் முதல் முறை. ஆனால் அந்தப் பரிசுகளெல்லாம் இரவு விருந்தின் ஓரத்தில் போட்ட இலைகள். 1974-ல்தான் பகலுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். கௌரவமா, ஒதுக்கலா என்று கேட்டால் இரண்டும்தான்.

இத்தனைக்கும் வீட்டுச் செலவு பார்த்தது பகல்தான். ஒரு மணி நேர இரவு நாடகத்துக்கு ஆகும் பணத்தில் பகலில் ஒரு வாரத்தையே ஓட்டிவிடலாம். வெளிப்புறப் படப்பிடிப்பு கிடையாது. அதே வரவேற்பறை, அதே ஆஸ்பத்திரி வராந்தா, அதே சமையலறை மேஜை. சோப்புத்தூளும் குழந்தை டயாப்பரும் விற்பவர்கள் விளம்பரத்துக்கு வரிசையில் நின்றார்கள். மூன்று பெரிய நெட்வொர்க்குகளின் லாபத்தில் கணிசமான பங்கு பகலில் வந்தது, அது போய்ச் சேர்ந்தது இரவுக்கு. இரவு நிகழ்ச்சிகள் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு பரிசு வாங்கின.

முதல் விழாவில் சிறந்த தொடராக ‘தி டாக்டர்ஸ்’ மறுபடியும் தேர்வானது. அதில் டாக்டராக நடித்த எலிசபெத் ஹப்பர்டு சிறந்த நடிகை. ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடரின் மூத்த டாக்டர் டாம் ஹார்ட்டனாக வந்த மெக்டொனால்டு கேரி சிறந்த நடிகர். கேரி ஒரு காலத்தில் ஹிட்ச்காக் படத்தில் நடித்தவர். சினிமா வாய்ப்பு மெலிந்த பிறகு பகலுக்கு வந்தவர். அப்போதெல்லாம் பகலுக்கு வருவதை நடிகர்கள் இறங்கி வருவதாகத்தான் நினைத்தார்கள். கேரி அங்கேயே தங்கி, தம் கடைசி நாள் வரை அந்த டாக்டராகவே இருந்தார்.

அந்த மேடையில் இருந்திருக்க வேண்டிய ஒருவர் ஐந்து மாதங்களுக்கு முன்பே போய்விட்டார். இர்னா ஃபிலிப்ஸ், 1973 டிசம்பரில் சிகாகோவில் காலமானார். வானொலி அத்தியாயங்களில் இவரைப் பார்த்திருக்கிறோம். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 1930-ல் சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். நிலையத்துக்காக ‘பெயிண்டட் டிரீம்ஸ்’ எழுதினார். அந்தத் தொடர் யாருக்குச் சொந்தம் என்று நிலையத்தோடு வழக்குப் போட்டுத் தோற்றவர். அந்த அடியிலிருந்து ஒரு பாடம் கற்றார். பிறகு எழுதியவற்றின் உரிமையை முடிந்தவரை தம் பெயரில் வைத்துக்கொண்டார். 1937-ல் வானொலியில் தொடங்கிய ‘தி கைடிங் லைட்’ அவருடையது. அதை 1952-ல் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்ததும் அவரே. 1956 ஏப்ரல் 2 அன்று தொடங்கிய ‘ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்’ தொடரை அரை மணி நேரமாக எழுதினார். அதுவரை பகல் தொடர் என்றால் கால் மணி நேரம்தான்.

இர்னா உட்கார்ந்து எழுதுகிறவர் அல்ல. அறைக்குள் நடந்துகொண்டே ஒவ்வொரு பாத்திரமாகக் குரல் மாற்றிப் பேசுவார், செயலாளர் அதைக் குறித்துக்கொள்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். அமெரிக்க இல்லத்தரசிகளின் மதியப் பொழுதை முப்பதாண்டுக்கு மேல் கையில் வைத்திருந்தவரை, 1973-ல் தொடரைத் தயாரித்த பிராக்டர் அண்டு கேம்பிள் சோப்பு நிறுவனம் ‘ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்’ தொடரிலிருந்து நீக்கியது. அந்த ஆண்டே உயிரும் போயிற்று. பகல் தொலைக்காட்சிக்கு விழா எடுக்க வேண்டும் என்று ஊருக்கு உறைத்தபோது, அந்த இடத்தைக் கட்டியவர் அதைப் பார்க்கவில்லை. இந்தத் தொழிலில் இப்படி நடப்பது இது ஒன்றும் முதல் முறையல்ல.

இர்னாவிடம் தொழில் பழகியவர் ஆக்னஸ் நிக்ஸன். குருவைவிட வேறு திசையில் துணிந்தவர். 1962-ல் ‘தி கைடிங் லைட்’ தொடரை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் பெர்ட் பவர் என்ற குடும்பத்தலைவிக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாக ஒரு கதை யோசித்தார். பரிசோதனை செய்துகொள்ளும்படி பெண்களுக்குச் சொல்வதுதான் நோக்கம். நிறுவனமும் சேனலும் யோசித்து யோசித்துக் கடைசியில் அனுமதித்தன. ஆனால் ஒரு நிபந்தனை. ‘புற்றுநோய்’ என்ற சொல் வரக் கூடாது, ‘கருப்பை’ வரக் கூடாது, கருப்பை நீக்கத்துக்கான மருத்துவச் சொல்லும் கூடாது. சொல்லக் கூடாதவற்றைச் சொல்லாமலே அந்தக் கதையை எழுதி முடித்தார் நிக்ஸன். கேட்டவர்களுக்குப் புரிந்தது. பின்னால் 1968-ல் ‘ஒன் லைஃப் டு லிவ்’, 1970-ல் ‘ஆல் மை சில்ட்ரன்’ என்று இரண்டு தொடர்களைச் சொந்தமாக உருவாக்கினார். கருக்கலைப்புக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. சில மாதங்களுக்குள் ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரின் எரிக்கா கேன் கருக்கலைப்புச் செய்துகொண்டாள். இரவுத் தொலைக்காட்சியின் நிர்வாகிகள் பத்து முறை கூட்டம் போட்டுத் தயங்கும் விஷயங்களைப் பகல் போகிற போக்கில் சொல்லிவிடும். யாரும் பெரிதாகக் கவனிக்காத இடத்தில் இருப்பதில் இப்படியும் ஒரு சுதந்திரம்.

நிக்ஸனுக்கு 1981-ல் தொலைக்காட்சி அகாடமி அறங்காவலர் விருது கொடுத்தது. அதை வாங்கிய முதல் பெண் அவர்.

பகல் வேலையின் தன்மையையும் இங்கே சொல்ல வேண்டும், பின்னால் வரும் குழப்பங்களுக்கெல்லாம் அதுதான் வேர். வாரத்துக்கு ஐந்து நாள், வருஷம் முழுக்க, இடைவெளி கிடையாது. இரவுத் தொடருக்கு ஆண்டுக்கு இருபத்துச் சொச்சம் பகுதிகள் என்றால் பகலுக்கு இருநூற்றைம்பது. ‘ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்’, ‘தி எட்ஜ் ஆஃப் நைட்’ இரண்டும் 1975 வரை நேரடி ஒளிபரப்பாகவே போய்க்கொண்டிருந்தன. வசனம் மறந்தால் மறந்ததுதான், நாடே பார்க்கும். 1963 நவம்பர் 22 மதியம் ‘ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்’ நேரடியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வாசிப்பாளர் வால்ட்டர் கிராங்கைட்டின் குரல் குறுக்கிட்டு கென்னடி சுடப்பட்ட செய்தியைச் சொன்னது. ஸ்டுடியோவில் இருந்த நடிகர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தொடர்களுக்கு இருந்த பிடிப்பு எவ்வளவு என்பதை நெட்வொர்க்குகள் 1973 கோடையில் சரியாகவே தெரிந்துகொண்டன. வாட்டர்கேட் விசாரணையைப் பகல் முழுக்க நேரடியாகக் காட்டப் போக, தொடர்கள் காணாமல் போயின. ஒரு ஜனாதிபதியின் தலையே உருண்டுகொண்டிருந்த நேரம். சேனல் அலுவலகங்களுக்கு வந்த தொலைபேசிகளில் பலவும் ‘எங்கள் தொடர் எங்கே?’ என்றுதான் கேட்டன. கடைசியில் மூன்று நெட்வொர்க்குகளும் நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்து விசாரணையைக் காட்டின. மற்ற இரண்டிலும் கதை ஓடியது. அடுத்த கோடை வருவதற்குள் தனி விழா வந்துவிட்டது. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்ற கணக்கு நெட்வொர்க் மாடிகளில் அப்போது மாறிக்கொண்டிருந்தது உண்மை.

1975-ல் இரண்டாவது விழா ஹட்சன் நதியில் ஒரு உல்லாசப் படகின் மேல் நடந்தது. தொகுத்தவர்கள் மான்ட்டி ஹாலும் ஸ்டெஃபனி எட்வர்ட்ஸும். மெக்டொனால்டு கேரி இந்த முறையும் சிறந்த நடிகர். இரண்டு வயதே ஆகியிருந்த ‘தி யங் அண்டு தி ரெஸ்ட்லெஸ்’ சிறந்த தொடர். அடுத்த ஜனவரியில் ‘டைம்’ பத்திரிகை ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தம்பதி பில் ஹேய்ஸ், சூசன் சீஃபோர்த் ஹேய்ஸ் இருவரையும் அட்டையில் போட்டது. மதியத்தை மதியத்துக்குரிய ஏளனத்தோடுதான் அந்தக் கட்டுரை பார்த்தது. இருந்தாலும் அட்டை அட்டைதானே.

1977-ல் எம்மி வீடே பாகப் பிரிவினை செய்துகொண்டது. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய அகாடமிக்கும் அதன் ஹாலிவுட் கிளைக்கும் வெகு நாளாக மனக்கசப்பு. தயாரிப்பெல்லாம் இங்கே நடக்கிறது, ஓட்டு மட்டும் எங்கெங்கோ இருப்பவர்கள் போடுகிறார்கள் என்பது ஹாலிவுட்டின் கோபம். கடைசியில் இரவு எம்மியை லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். செய்தி, விளையாட்டு, ஆவணப்படம், பகல் ஆகியவை நியூயார்க் பங்குக்குப் போயின. சிறகு முளைத்த பெண் ஒருத்தி அணுவைத் தூக்கிப் பிடித்திருக்கும் அதே சிலைதான் இரண்டு பக்கத்துக்கும். ஆனால் நட்சத்திரங்கள் ஒரு வீட்டிலும் பகல் இன்னொரு வீட்டிலும் என்று எழுத்திலேயே ஆகிவிட்டது.

இனி அந்தக் குழப்பத்துக்கு வருவோம். ஆண்டுக்கு இருநூற்றைம்பது பகுதி நடிக்கும் ஒருவரை எப்படி மதிப்பிடுவது? அத்தனையையும் எந்த நடுவர் பார்ப்பார்? ஆகவே நடிகர்கள் தங்கள் சிறந்த ஓரிரு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும், ஒரு குழு உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடும் என்று வைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் வருவதுதான் பகல் கலையின் முழு பலம். ஒருத்தி பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருவதைப் பார்வையாளர் உடனிருந்து பார்த்திருப்பார். நடுவருக்கு அதில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் கிடைக்கும். அந்தச் செவ்வாயில் அழுகை இருந்தால் நல்லது, கோர்ட் காட்சி என்றால் இன்னும் நல்லது.

‘ஒன் லைஃப் டு லிவ்’ தொடரில் ஜூடித் லைட் நடித்த காரென் வோலெக் இதற்கு நல்ல உதாரணம். ஊருக்கு டாக்டர் மனைவி, மறைவில் விபச்சாரம். தோழியைக் கொலைப் பழியிலிருந்து காப்பாற்ற 1979-ல் சாட்சிக் கூண்டில் ஏறி எல்லோர் முன்னாலும் தன் இரட்டை வாழ்க்கையை ஒப்புக்கொள்கிறாள். பகல் தொலைக்காட்சியில் அதற்கு இணையாகச் சொல்லக்கூடிய காட்சிகள் மிகச் சிலவே. ஜூடித் லைட்டுக்கு 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு பரிசுகள். தகுதியானவைதான். அதே 1979-ல் அதே தொடரின் போலீஸ் அதிகாரி எட் ஹால், அதாவது அல் ஃப்ரீமன் ஜூனியர், முன்னணி நடிகருக்கான பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். முன்னணி நடிகைக்கான பரிசு ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்க அதற்குப் பிறகு 43 ஆண்டுகள் ஆயின. 2022-ல் ‘தி யங் அண்டு தி ரெஸ்ட்லெஸ்’ தொடரின் மிஷெல் மோர்கன் வாங்கினார்.

1981 நவம்பரில் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ தொடரில் லூக்–லாரா கல்யாணம் நடந்தது. விருந்தாளியாக எலிசபெத் டெய்லரே வந்தார். மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள். அமெரிக்கப் பகல் தொடர் எதுவும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. மாப்பிள்ளை ஆன்டனி கீரிக்கு 1982-ல் முதல் பரிசு. பிறகு மொத்தம் எட்டு முறை வாங்கிச் சாதனை படைத்தார். கல்யாணப் பெண் ஜீனி ஃபிரான்சிஸுக்கு முதல் பரிசு கிடைத்தது 2007-ல்.

பகலின் கொடி இப்படி உச்சத்தில் பறந்துகொண்டிருந்தபோதே விழாவுக்குச் சறுக்கல். 1983, 1984 இரண்டு ஆண்டுகளும் எந்த நெட்வொர்க்கும் அதை ஒளிபரப்பவில்லை. பரிசுகள் கொடுக்கப்பட்டன, பார்க்கத்தான் யாருக்கும் வழியில்லை. 1985-ல் சி.பி.எஸ். மறுபடி எடுத்துக்கொண்டது. 1991-ல் பெரிய மாற்றம். ஜூன் 27 அன்று விழா முதல் முறையாக இரவின் முக்கிய நேரத்தில் ஒளிபரப்பானது. பதினேழு ஆண்டுகள் மதியத்திலேயே தன்னைத் தானே பாராட்டிக்கொண்டிருந்த பகல், பரிசு வாங்க இரவுக்கு வந்தது.

நம் ஊரில் கூரை மேல் டிஷ் ஆன்டெனா முளைத்த காலமும் கிட்டத்தட்ட அதுதான். அப்போது ஆங்கில சேனலாக இருந்த ஸ்டார் ப்ளஸ்ஸில் ‘தி போல்டு அண்டு தி பியூட்டிஃபுல்’, ‘சாண்டா பார்பரா’ இரண்டும் ஓடியது சிலருக்கு நினைவிருக்கும். அந்த ‘சாண்டா பார்பரா’ 1988, 1989, 1990 மூன்று ஆண்டும் தொடர்ந்து டேடைம் எம்மியின் சிறந்த தொடர் பரிசைத் தட்டிக்கொண்டு போனது. இத்தனை பரிசும் அதைக் காப்பாற்றவில்லை. 1993 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த விழாவின் வரலாற்றை ஒரே ஆளின் கதையாகச் சொல்லச் சொன்னால் சூசன் லூச்சியைத்தான் சொல்ல வேண்டும். 1970 ஜனவரியில் ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில் பள்ளிக்கூடப் பெண் எரிக்கா கேனாக நுழைந்தபோது அவருக்கு வயது 23. எரிக்கா அடங்காதவள், சுயநலக்காரி, பொய் சொல்வாள், புருஷர்களை மாற்றிக்கொண்டே இருப்பாள். பார்வையாளர்கள் அவளைத் திட்டிக்கொண்டே ஒரு நாளும் தவறவிடாமல் பார்த்தார்கள். 1978-ல் லூச்சி முதல் முறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1981, 1982, 1983-ல் மறுபடி. 1985-லிருந்து ஒவ்வோர் ஆண்டும். ஒவ்வோர் ஆண்டும் கேமரா அவர் முகத்தில் நிற்கும், வேறு பெயர் வாசிக்கப்படும், அவர் புன்னகையோடு கைதட்டுவார்.

தோல்வியே ஒரு தொழிலாகிவிட்டது. 1990-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்த அவரை அழைத்தார்கள். தனக்கு எம்மி முக்கியமே இல்லை என்று அவர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் நடிகர்கள், மேடைப் பணியாளர்கள் என்று ஆளுக்கொரு எம்மி சிலையோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒரு செயற்கைச் சர்க்கரை விளம்பரத்தில், பரிசு கிடைக்காத கோபத்தில் பொருள்களைப் போட்டு உடைப்பவராக நடித்தார். அந்த ஆண்டுகளில் பரிசு வாங்கிப்போன நடிகைகளில் எத்தனை பேரை அமெரிக்கா நினைவில் வைத்திருக்கிறது என்பது வேறு கேள்வி.

ஏன் கிடைக்கவில்லை? தேர்ந்தெடுத்து அனுப்பிய பகுதிகள் சரியில்லை என்றார்கள் சிலர். ஏற்கெனவே புகழும் பணமும் இருக்கிறது, இதுவுமா என்று சக கலைஞர்கள் நினைத்தார்கள் என்றனர் வேறு சிலர். எனக்கென்னவோ மேலே சொன்ன செவ்வாய்க்கிழமைக் கணக்குதான் காரணம் என்று படுகிறது. எரிக்காவைத் துண்டு போட்டுப் பார்த்தால் ஒரு திமிர் பிடித்த அழகி, அவ்வளவுதான். இருபது வருஷம் சேர்த்துப் பார்த்தால்தான் அவள் எரிக்கா. அந்த இருபது வருஷத்தை எந்த நடுவர் குழுவுக்கும் அனுப்பிவைக்க முடியாது.

1999 மே 21, வெள்ளிக்கிழமை. மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கு. பத்தொன்பதாவது பரிந்துரை. உறையைப் பிரித்தவர் ஷெமார் மூர் என்ற இளம் நடிகர். அவர் உடனே பெயரை வாசிக்கவில்லை. தோல்வி வரிசை முடிந்தது என்று கத்திவிட்டுத்தான் பெயரைச் சொன்னார். அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டல் நிமிஷக் கணக்கில் நீண்டது. சக நடிகர்கள் அழுதார்கள். ஓப்ரா வின்ஃப்ரேயும் ரோசி ஓ’டானலும் கூச்சலிட்டு ஆர்ப்பரித்தார்கள். லூச்சி தம் நன்றியுரையில் சொன்னவற்றில் ஒன்று எனக்குப் பிடிக்கும். திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்குத் திரும்பிப்போய் எரிக்கா கேனை முழு மூச்சாக நடிப்பேன் என்றார். இரவு நேர நட்சத்திரம் யாரும் பரிசு மேடையில் திங்கட்கிழமையைப் பற்றிப் பேச மாட்டார். அவருக்கு அடுத்த பகுதி மூன்று நாளில் இருந்தது.

தொடர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பேட்டி நிகழ்ச்சிகள், போட்டிகள், குழந்தைகள் நிகழ்ச்சிகள் எல்லாமே இந்தப் பந்தியில்தான் உட்கார்ந்தன. பேட்டி நிகழ்ச்சியின் வரலாறு தனி அத்தியாயமாக வரப்போகிறது, எனவே ஓப்ராவைப் பற்றி ஒன்று மட்டும். 1998-ல் வாழ்நாள் சாதனை விருது வாங்கிய பிறகு, இனி என்னைப் போட்டியில் சேர்க்க வேண்டாம் என்று அவர் விலகிக்கொண்டார். விழாவால் அவருக்குப் பெருமை என்ற நிலை போய், அவர் வராதது விழாவுக்குக் குறை என்று ஆனது.

1997-ல் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ் வாழ்நாள் விருது வாங்க வந்தார். 1968-லிருந்து கம்பளிச் சட்டையும் கேன்வாஸ் காலணியும் போட்டுக்கொண்டு குழந்தைகளிடம் மெதுவாகப் பேசிவந்த மனிதர். மேடையில் நின்று, உங்களை நேசித்து ஆளாக்கியவர்களைப் பத்து விநாடி நினைத்துப் பாருங்கள், நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நொடி சிரிப்பு எழுந்தது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் அரங்கம் அடங்கியது. நகை பூட்டிய நட்சத்திரங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விளம்பரக் கட்டணத்தை விநாடிக் கணக்கில் வசூலிக்கும் நேரடி ஒளிபரப்பில் பத்து விநாடியைச் சும்மா வாங்கிக்கொண்டவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

அதன்பின் சரிவு. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகினார்கள். கேபிள் சேனல்கள் பெருகின. 1995-ல் ஓ.ஜே. சிம்சன் கொலை வழக்கு மாதக்கணக்கில் பகலை ஆக்கிரமித்தது. விட்டுப்போன பார்வையாளர் எல்லோரும் திரும்பி வரவில்லை. தொடரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேட்டி நிகழ்ச்சி போட்டால் செலவு இன்னும் குறைவு என்று நெட்வொர்க்குகள் கண்டுகொண்டன. வானொலியையும் சேர்த்து 72 ஆண்டுகள் ஓடிய ‘கைடிங் லைட்’ 2009 செப்டம்பரில் முடிந்தது. ‘ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்’ 2010-ல். ‘ஆல் மை சில்ட்ரன்’ 2011-ல், எரிக்காவோடு சேர்த்து. ‘ஒன் லைஃப் டு லிவ்’ 2012 ஜனவரியில். இர்னாவும் ஆக்னஸும் கட்டிய தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் பூட்டு.

தொடர் போனால் விளம்பரம் போகும், விளம்பரம் போனால் விழாவை யார் காட்டுவார்கள்? 2006-ல் முதன்முறையாக நியூயார்க்கை விட்டு ஹாலிவுட்டின் கோடாக் அரங்குக்குப் போய்ப் பார்த்தது. 2009-ல் பெரிய நெட்வொர்க்குகள் ஒதுங்க, சி.டபிள்யூ. என்ற சிறிய சேனல் காட்டியது. 2010, 2011-ல் லாஸ் வேகஸ் போய்வந்தது. 2012-ல் கேபிளுக்கு இறங்கியது. 2014-ல் இணையத்தில் மட்டும். 2016-ல் எங்குமே ஒளிபரப்பாகவில்லை. பிறகு கொரோனா வந்து நட்சத்திரங்களெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்த 2020-ல், ஆளுக்கொரு அறையிலிருந்து பேசிய விழாவை சி.பி.எஸ். ஒளிபரப்பியது. 2011-க்குப் பிறகு பெரிய நெட்வொர்க் ஒன்றில் அது வந்தது அப்போதுதான். இரவு விழாக்கள் எல்லாம் திண்டாடிய அந்த ஆண்டில், குறைந்த செலவில் வீட்டுக்குள்ளேயே முடிக்கும் வித்தை பகல்காரர்களுக்குப் பழக்கமானதாக இருந்தது.

பந்தியில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு 2022-லிருந்து தனி எம்மி. டேடைம் எம்மியை மற்ற எந்த நிகழ்ச்சியையும்விட அதிகம் வாங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ அந்தப் பக்கம் போய்விட்டது. போட்டி நிகழ்ச்சிகள் 2023-லிருந்து இரவு எம்மிக்கு மாறின. ‘ஜெபர்டி’ பல ஊர்களில் ராத்திரி ஏழு மணிக்குத்தான் ஓடும். இத்தனை வருஷம் அது பகல் கணக்கில் இருந்ததே ஒரு வேடிக்கை. அதன் தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக்குக்குக் கடைசிப் பரிசு, அவர் இறந்த மறு ஆண்டு, 2021-ல் இந்த மேடையில்தான் அறிவிக்கப்பட்டது.

மிச்சம் இருந்தவை நான்கு தொடர்கள். அவற்றில் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 2022-ல் தொலைக்காட்சியையே விட்டு பீகாக் என்ற இணையத் தளத்துக்குக் குடிபோனது. அதை இப்போது நள்ளிரவிலும் பார்க்கலாம். ஆனாலும் பரிசு பகல் கணக்கில்தான். 2023-ல் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்ததால் விழா டிசம்பருக்குத் தள்ளிப்போனது. 2025-ல் அக்டோபரில், பசடீனாவில் நடந்தது.

அந்த 2025-ன் பிப்ரவரி 24 அன்று சி.பி.எஸ்.ஸில் ‘பியாண்ட் தி கேட்ஸ்’ என்ற புதிய பகல் தொடர் தொடங்கியது. கறுப்பினப் பணக்காரக் குடும்பம் ஒன்றின் கதை. பெரிய நெட்வொர்க் ஒன்று புதிய பகல் தொடரைத் தொடங்கியது கால் நூற்றாண்டில் அதுதான் முதல் முறை. உருவாக்கியவர் மிஷேல் வால் ஜீன் என்ற பெண் எழுத்தாளர். தயாரிப்பில் பங்கு போட்டவர்களில் ஒருவர் பிராக்டர் அண்டு கேம்பிள், இர்னா ஃபிலிப்ஸை வேலையைவிட்டு அனுப்பிய அதே சோப்பு நிறுவனம்.

அடுத்த அத்தியாயத்தில் மெக்சிகோவின் டெலினாவெலா தொடர்களுக்குப் போவோம். அங்கே கதைக்கு முடிவு என்று ஒன்று உண்டு, அதுவும் சில மாதங்களிலேயே.

(தொடரும்)